எண் பிறக்கும் இடம்: கடைக்கும் ஆலைக்கும் ஏற்ற உள்ளீட்டு, வெளியீட்டுச் சாதனங்கள்

கணக்குப் பிழைத்துவிட்டால் முதலில் திட்டு வாங்குவது கணினிதான். கூட்டல் கழித்தலில் அது பிழை விடுவது அரிது. 5120 கிலோவை யாரோ 5210 என்று தட்டியிருப்பார்கள். இல்லையென்றால் பில்லில் எழுத்து மங்கி 3 எது 8 எது என்று தெரியாமல் போயிருக்கும். ஒன்று உள்ளே போகும்போது நடந்த பிழை, மற்றது வெளியே வரும்போது நடந்தது.

பள்ளிக்கூடப் புத்தகம் விசைப்பலகை, சுட்டி, வருடி எல்லாம் உள்ளீட்டுச் சாதனம் என்றும், திரை, அச்சுப்பொறி, ஒலிபெருக்கி எல்லாம் வெளியீட்டுச் சாதனம் என்றும் பிரித்துக் காட்டும். பரீட்சைக்கு அது போதும். ஒரு வியாபாரத்தின் தகவல் முறைமைக்குச் சாதனம் தெரிவு செய்யப் போகிறவர் வேறு இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இந்த எண் முதன்முதலில் எந்த இடத்தில் பிறக்கிறது? வெளியே வரும் தகவலை யார், எங்கே நின்று, என்ன செய்வதற்காக வாசிக்கப் போகிறார்? எண் பிறக்கும் இடத்திலேயே அதைக் கருவி பிடித்துக்கொண்டால், அதன் பிறகு யாரும் அதைத் திரும்பத் தட்ட வேண்டியதில்லை. கீழே வரும் விபரங்கள் எல்லாம் இதைச் சுற்றியே வருகின்றன.

தராசிலிருந்து கணினிக்கு

சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெரும்போக அறுவடைக் காலம். லொறியோடு சேர்த்து நிறுக்கும் பெரிய தராசில் நெல் லொறி ஏறுகிறது: 8240 கிலோ. இறக்கிவிட்டு வெறும் லொறி திரும்ப ஏறுகிறது: 3120 கிலோ. நெல்லின் நிறை 5120 கிலோ.

தராசடியில் நிற்பவர் திரையைப் பார்த்துத் துண்டில் எழுதுகிறார். துண்டு அலுவலகத்துக்குப் போகிறது. அங்கே ஒருவர் அதை வாசித்துத் தட்டுகிறார். ஒரே எண் இரண்டு முறை வாசிக்கப்பட்டு, இரண்டு முறை எழுதப்படுகிறது. இப்படி நடக்கும் இடங்களில் அதிகம் காணும் பிழை, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவது. அதைக் கண்டுபிடிக்கக் கணக்கர்களிடம் பழைய வழி ஒன்று உண்டு: கணக்கில் வரும் வித்தியாசம் 9 ஆல் மீதியின்றி வகுபட்டால், முதலில் இடம் மாறிய இலக்கத்தைத் தேடு. 5210 இலிருந்து 5120 ஐக் கழித்தால் 90. கணினி வந்த பிறகும் இந்த வழி பழசாகவில்லை.

தட்டுகிற வேலையையே இல்லாமல் செய்வது இன்னும் நல்லது. இலத்திரனியல் தராசுக்குள் லோட் செல் என்ற உலோகக் கட்டை இருக்கிறது. பாரம் ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது; அதில் ஒட்டிய மெல்லிய கம்பிவலையின் மின்தடை மாறுகிறது; அந்த மாற்றம் கிலோவாகக் கணக்கிடப்படுகிறது. தராசின் பின்பக்கத்தில் பெரும்பாலும் ஆர்எஸ்-232 என்ற தொடர் இணைப்பு வாய் ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு வயர் கணினிக்குப் போனால் நிறை நேரே மென்பொருளில் வந்து விழும்.

சிக்கல் வருவது மூன்று இடங்களில். முதலாவது தூரம். ஆர்எஸ்-232 வயரை 15 மீற்றருக்கு மேல் இழுத்தால் எழுத்துகள் சிதையத் தொடங்கும். தராசு முற்றத்திலும் அலுவலகம் அதற்கு அப்பாலும் இருந்தால் ஆர்எஸ்-485 என்ற இன்னொரு தொடர் இணைப்பு முறைக்கு மாற்றிக்கொடுக்கும் கருவி வேண்டும்; அது 1200 மீற்றர் வரை தாங்கும். வெளியில் கிடக்கும் நீள வயர் இடியையும் அலுவலகத்துக்குள் கூட்டிவரும். அதனால் மின்தொடர்பைத் துண்டித்து ஒளியால் கடத்தும் தடுப்பான் உள்ள மாற்றியை வாங்குவது நல்லது. இல்லாவிட்டால் ஒரு மின்னலில் தராசும் கணினியும் ஒன்றாகப் போகலாம்.

இரண்டாவது, இணைப்பு இலக்கம். இன்றைய கணினிகள் பலவற்றில் தொடர் வாய் இல்லாததால் யூஎஸ்பி மாற்றி ஒன்றை இடையில் போடுகிறோம். அந்த மாற்றியைக் கழற்றி வேறொரு யூஎஸ்பி துளையில் செருகினால், கணினி அதற்கு வேறு கொம் இலக்கம் (தொடர் வாயை அடையாளம் காணும் இலக்கம்) கொடுத்துவிடலாம். மென்பொருள் கொம் 3 இல் காத்திருக்கும், தராசு கொம் 5 இல் பேசிக்கொண்டிருக்கும். தராசு பழுது என்று கூப்பிட்டு ஆள் வந்து பார்த்தால் இதுதான் காரணமாக இருக்கும். துளைக்குப் பக்கத்தில் ‘தராசு’ என்று ஒரு துண்டு ஒட்டிவிட்டால் போதும்.

மூன்றாவது, அவசரம். லொறி ஆடி ஓயும் முன் நிறை பிடிக்கப்பட்டால் எண் பிழைக்கும். நல்ல தராசுகள் நிறையோடு ‘நிலைத்துவிட்டது’ என்ற குறியையும் சேர்த்து அனுப்பும்; அந்தக் குறி வராமல் மென்பொருள் நிறையை ஏற்கக் கூடாது. கடையில் வைக்கும் 15 கிலோ தராசுக்கும் இதே சட்டம்தான். 5 கிராம் பிரிவுள்ள தராசு மேல் மின்விசிறியின் காற்றுக்கே ஆடும். விற்பனைக்கு நிறுக்கும் தராசு எதுவானாலும் 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை வேண்டும். கணினியோடு இணைத்ததால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது.

ஆலையில் தட்டித்தான் ஆக வேண்டிய எண் ஒன்றும் உண்டு: ஈரப்பதன். கையில் பிடிக்கும் ஈரமானிகள் பெரும்பாலும் எண்ணைக் காட்டும், அனுப்பாது. நெல் சந்தைப்படுத்தும் சபை கொள்வனவுக்குக் கேட்பது 14 சதவீதம். 18 சதவீத ஈரத்தோடு வந்த 5120 கிலோ நெல், 14 க்குக் காய்ந்த பின் 4882 கிலோதான் இருக்கும் (ஈரம் போக மிச்சப் பங்கு முன்பு 82, பின்பு 86 சதவீதம் என்பதால் 5120 ஐ 82 ஆல் பெருக்கி 86 ஆல் வகுக்க வேண்டும்). 18 ஐ 14 என்று தட்டிவிட்டால் 238 கிலோ தண்ணீருக்கு நெல் விலை கொடுத்த மாதிரி. இப்படிக் கையால் தட்டும் இடத்தில் மென்பொருள் இரண்டு காவல் போடலாம்: 8 க்குக் கீழோ 30 க்கு மேலோ உள்ள எண்ணை ஏற்காமல் விடுவது, ஒரே எண்ணை இரண்டு முறை கேட்பது. முதல் காவலால் 18, 14 குழப்பம் பிடிபடாது. இரண்டாவதால் பிடிபட வாய்ப்பு உண்டு.

லொறியின் முதல் நிறுவையில் வரும் துண்டில் ஒரு பார்கோடையும் அச்சிட்டுவிட்டால் இரண்டாம் நிறுவை சுலபமாகும். வெறும் லொறி திரும்பி வரும்போது சாரதி துண்டை நீட்டுகிறார், ஸ்கேன் செய்ததும் முதல் நிறுவை திரையில் வந்து நிற்கிறது. லொறி இலக்கத்தை மறுபடி தட்டும் வேலையும், வேறு லொறியின் கணக்கில் போட்டுவிடும் பயமும் இல்லை. வெளியீடாக வந்த காகிதமே அடுத்த படியில் உள்ளீடாகிறது. வியாபாரத் தகவல் முறைமைகளில் இதைவிட மலிவான வசதி வேறு இல்லை என்றே சொல்லலாம்.

பார்கோட்: கணினி ஒரு விசைப்பலகை என்றுதான் நினைக்கிறது

கடைச் சாமானில் பார்கோட் முதன்முதலில் ஸ்கேன் செய்யப்பட்டது 1974 ஜூன் 26 இல், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஒரு சூயிங்கம் பெட்டியில். இன்று கல்முனைச் சந்தையில் வாங்கும் பிஸ்கட் பெட்டியிலும் இருப்பது அதே குடும்பத்தின் ஈஏஎன்-13 குறிதான்.

அதில் 13 இலக்கங்கள். 479 என்று தொடங்கினால் அந்தக் கம்பனி இலங்கையில் இலக்கம் பதிந்திருக்கிறது என்று பொருள். சாமான் இலங்கையில் செய்யப்பட்டது என்பதற்கு அது சான்று ஆகாது. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். உதாரணத்துக்கு 479123456789 என்ற 12 இலக்கங்களை வைத்துப் பார்ப்போம். ஒற்றை இடங்களில் இருப்பவை 4, 9, 2, 4, 6, 8; கூட்டினால் 33. இரட்டை இடங்களில் 7, 1, 3, 5, 7, 9. கூட்டினால் 32, அதை 3 ஆல் பெருக்க 96. இரண்டும் சேர்ந்து 129. அடுத்த பத்தின் மடங்கு 130. அதற்குத் தேவையான 1 தான் பதின்மூன்றாவது இலக்கம். எந்த ஓர் இலக்கம் பிழைத்தாலும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுக்கும். பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடித்துவிடும். அந்த இரண்டு இலக்கங்களுக்கும் வித்தியாசம் சரியாக 5 ஆக இருந்தால் மட்டும் தப்பிவிடும்.

ஸ்கேனர் வாங்கிய புதிதில் வரும் சிக்கல்களில் முக்கால்வாசி, அது என்ன செய்கிறது என்பது தெரியாததால் வருவது. யூஎஸ்பியில் செருகும் சாதாரண ஸ்கேனரைக் கணினி இன்னொரு விசைப்பலகையாகவே பார்க்கிறது. குறியை வாசித்து 13 இலக்கங்களையும் தட்டி, கடைசியில் என்டரையும் தட்டுகிறது, அவ்வளவுதான். எனவே திரையில் கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கேதான் இலக்கம் விழும். அளவுப் பெட்டியில் கர்சர் நிற்கும்போது ஸ்கேன் செய்தால், ஒரு பிஸ்கட் பெட்டியை நாலு லட்சம் கோடிக்கு மேல் வாங்கியதாகப் பில் வரும். என்டர் விழாமல் ஒவ்வொரு முறையும் கையால் தட்ட வேண்டியிருந்தால் ஸ்கேனர் பழுதில்லை. கூட வந்த கைநூலில் அதற்கான அமைப்புக் குறி இருக்கும், அதை ஒருமுறை ஸ்கேன் செய்தால் சரி.

நம் பக்கத்துக்கே உரிய குழப்பம் ஒன்றும் இருக்கிறது. பெயர் எழுதுவதற்காக விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றிவிட்டு அப்படியே விட்டிருந்தால், ஆங்கில எழுத்துள்ள குறிகளை ஸ்கேனர் தமிழ் எழுத்தாகத் தட்டிவிடும். இலக்கம் மட்டும் உள்ள குறிகள் ஒழுங்காக வரும், சொந்தமாக அச்சிட்ட எழுத்துக் குறிகள் மட்டும் ‘சாமான் இல்லை’ என்று வரும். இதைப் பார்த்து ஸ்கேனரை மாற்ற ஓட வேண்டாம், மொழியை மாற்றினால் போதும்.

சிவப்புக் கோடு அடிக்கும் லேசர் ஸ்கேனர் காகிதத்தில் உள்ள பட்டைகளை வேகமாக வாசிக்கும். கைத்தொலைபேசித் திரையில் உள்ளதைப் பெரும்பாலும் வாசிக்காது, கியூஆர் குறியை வாசிக்கவே வாசிக்காது. படம் பிடித்து வாசிக்கும் இமேஜர் வகை இரண்டையும் செய்யும். விலை கொஞ்சம் கூடினாலும் இனி வாங்குபவர்கள் இமேஜரை வாங்குவதே நல்லது.

பார்கோட் இல்லாத சாமான்களுக்குக் கடையே குறி போடலாம். 20 முதல் 29 வரை தொடங்கும் இலக்கங்கள் கடையின் உள்பாவனைக்கென்று ஒதுக்கப்பட்டவை. பருப்பை நிறுத்துப் பொதி செய்து 2100457012507 என்று அச்சிட்டால், 21 கடையின் அடையாளம், 00457 பருப்பு, 01250 என்பது 1.250 கிலோ, கடைசி 7 சரிபார்ப்பு என்று மென்பொருள் பிரித்துக்கொள்ளும். இந்தப் பிரிப்பைத் தராசிலும் மென்பொருளிலும் ஒரே மாதிரி அமைக்க வேண்டும். தராசு விலையை எழுத, மென்பொருள் அதை நிறையாக வாசித்தால் 450 ரூபாய்ப் பருப்பு 0.450 கிலோவாகிவிடும்.

காத்தான்குடி, மருதமுனைப் புடவைக் கடைகளுக்கு லேபல் முக்கியம். 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) லேபல் அச்சுப்பொறியில் ஒரு மில்லிமீற்றருக்கு 8 புள்ளிகள். ஈஏஎன்-13 இன் மிக மெல்லிய கோடு நியமப்படி 0.33 மில்லிமீற்றர், அது 2.64 புள்ளி. அரைப் புள்ளியை அச்சிட முடியாது. குறியைப் படமாக இழுத்துச் சுருக்கி ஒட்டினால் சில கோடுகள் 2 புள்ளி, சில 3 புள்ளி என்று வரும்; கண்ணுக்கு அழகாக இருக்கும், ஸ்கேனர் தடுமாறும். அச்சுப்பொறியின் சொந்தப் பார்கோட் கட்டளையைப் பாவித்து, கோடு 3 புள்ளி என்று வைக்க வேண்டும். அப்போது இரு ஓர வெற்றிடத்தோடு குறியின் அகலம் ஏறத்தாழ 42 மில்லிமீற்றர். 38 மில்லிமீற்றர் லேபல் காணாது. வெற்றிடத்தை வெட்டிவிட்டுத் திணிப்பவர்கள் உண்டு. குறி எங்கே தொடங்குகிறது என்று ஸ்கேனருக்குச் சொல்வதே அந்த வெற்றிடம்தான்.

தமிழில் தட்டுவது

நம் அலுவலகங்களில் பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்புகள் இன்னும் நிறைய இருக்கின்றன. பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிந்தாலும் கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளைத்தான். கடிதம் அச்சிட இது போதும். வாடிக்கையாளர் பெயரையோ சாமான் பெயரையோ இப்படி உள்ளிட்டால் அகரவரிசை பிழைக்கும், தேடினால் கிடைக்காது, எஸ்எம்எஸ் அனுப்பினால் குப்பையாகப் போகும். தகவல் முறைமைக்குள் போகும் தமிழ், தமிழ் எழுத்துகளுக்கென்றே குறியெண்கள் உள்ள யுனிக்கோடாக இருக்க வேண்டும். தட்டச்சுப் பழக்கம் ரெங்கநாதன் விசை அமைப்போ ஒலிப்பு முறையோ எதுவானாலும் பரவாயில்லை.

வெளியே வரும் காகிதம்

பில் அச்சிடும் தெர்மல் அச்சுப்பொறிக்கு மை இல்லை. வெப்பத்தில் கறுக்கும் பூச்சு காகிதத்தின் ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. சுருளைத் தலைகீழாகப் போட்டால் வெள்ளைக் காகிதம் வரும். நகத்தால் கீறிப் பார்த்தால் கறுக்கும் பக்கம் எதுவென்று தெரியும். 80 மில்லிமீற்றர் சுருளில் 576 புள்ளி, வரிக்கு 48 ஆங்கில எழுத்து; 58 மில்லிமீற்றரில் 384 புள்ளி, 32 எழுத்து. சாமான் பெயர், அளவு, விலை, தொகை நான்கையும் ஒரே வரியில் போட 32 எழுத்துப் போதாது. மளிகைக் கடைக்கு 80, தேநீர்க் கடைக்கு 58 என்று வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்ப் பில்லில் கேள்விக்குறிகளாக வந்தால் காரணம் இதுதான்: சாதாரண தெர்மல் அச்சுப்பொறிகளின் உள்நினைவில் தமிழ் எழுத்து இல்லை. மென்பொருள் எழுத்தாக அனுப்பினால் அதற்குத் தெரியாது. விண்டோஸ் டிரைவர் வழியாகப் படமாக அனுப்பினால் வரும். வேகம் சற்றுக் குறையும்.

காசு லாச்சியைக் கணினியில் செருக இடம் தேடி அலுத்தவர்கள் உண்டு. அது அச்சுப்பொறியின் பின்னால் உள்ள, தொலைபேசி வயர் போன்ற துளையில் போகிறது. பில் அச்சானதும் அச்சுப்பொறி ஒரு சிறு மின்துடிப்பு அனுப்ப லாச்சி திறக்கும். பல அச்சுப்பொறிகளில் அந்தத் துடிப்பு 24 வோல்ட். அந்தத் துளையில் உண்மையான தொலைபேசி வயரைச் செருகக் கூடாது.

தெர்மல் எழுத்து வெயிலுக்கும் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் பிளாஸ்டிக் உறைக்கும் தாங்காது. கொள்வனவு பில்களைக் கணக்குக்காக வைத்திருப்பவர்கள் கைத்தொலைபேசியில் படமெடுத்தோ நகலெடுத்தோ வைக்க வேண்டும். கண்ணாடி அலமாரியில் வெயில் படும் புடவைக்குத் தெர்மல் லேபல் ஒட்டினால் முழுதும் சாம்பல் நிறமாகிவிடும். அங்கே ரிபன் போட்டு அச்சிடும் வகைதான் நிற்கும்.

ஊசி தட்டி அச்சிடும் டொட் மெட்ரிக்ஸை ‘பழைய காலத்து மெஷின்’ என்று ஒதுக்க வேண்டாம். காபன் பிரதி வேண்டுமானால் காகிதத்தை அடிக்க வேண்டும். லேசரும் மைத்தாரையும் அடிப்பதில்லை. மொத்த வியாபாரத்தில் வாங்குபவருக்கு ஒன்று, களஞ்சியத்துக்கு ஒன்று, புத்தகத்துக்கு ஒன்று என மூன்றும் ஒரே அடியில் வர 9 ஊசி அச்சுப்பொறியே போதும். களஞ்சியத்தில் நிற்பவருக்கு விலை தெரிய வேண்டியதில்லை. அவர் பிரதியில் விலை விழும் இடத்தில் காபன் படியாத தாள் கிடைக்கும். அடிப்பிரதி மங்கினால் ரிபனை மாற்றும் முன், தலைக்கும் காகிதத்துக்கும் இடைவெளியை அமைக்கும் நெம்பைப் பாருங்கள். ஒற்றைத் தாளுக்கு வைத்ததும் மூன்று தாளுக்கு வைத்ததும் வேறு.

முதலாளிக்கு வரும் வெளியீடு பற்றி ஒன்று மட்டும். நாள் முடிவில் 40 பக்க விற்பனைப் பட்டியல் அச்சிட்டு மேசையில் வைத்தால் யாரும் வாசிப்பதில்லை. முடியப் போகும் சாமான், ரத்தான பில்கள், லாச்சியில் கூடிய அல்லது குறைந்த காசு, இந்த மூன்றும் ஒரு பக்கத்தில் இருந்தால் வாசிப்பார்.

காட், கியூஆர்

வங்கி கொடுக்கும் காட் மெஷின் பல கடைகளில் பில் கணினியோடு பேசுவதில்லை. காசாளர் 2,850 என்று பில்லைப் பார்த்து மெஷினில் மறுபடி தட்டுகிறார். எண் திரும்பத் தட்டப்படுகிறது, எனவே இங்கேதான் 2,580 வரும். இணைக்க வசதி இல்லையென்றால், நாள் முடிவில் மெஷினின் மொத்தத் துண்டையும் கணினியின் காட் மொத்தத்தையும் ஒப்பிடுவதை வழக்கமாக்க வேண்டும். வித்தியாசம் 9 ஆல் வகுபடுகிறதா என்று பார்க்கவும் மறக்க வேண்டாம். 2,850 க்கும் 2,580 க்கும் இடையில் 270.

மேசையில் ஒட்டி வைத்த லங்கா கியூஆர் அட்டை வெறும் விலாசம்தான், அதில் தொகை இல்லை. தொகையைத் தட்டுபவர் வாடிக்கையாளர். அவர் காட்டும் திரையை நம்பிச் சாமானைக் கொடுக்கக் கூடாது; பழைய படத்தையும் காட்டலாம். கடையின் செயலியிலோ எஸ்எம்எஸ்ஸிலோ செய்தி வர வேண்டும். பில்லுக்குப் பில் தொகையோடு திரையில் உருவாகும் கியூஆர் இதைவிட நல்லது.

மின்சாரம், உப்பு, உமி

பில் கணினி, தெர்மல் அச்சுப்பொறி, இணைய ரவுட்டர் மூன்றும், மின்சாரம் நின்றால் பற்றரியில் ஓட்டும் 650 விஏ யூபிஎஸ் ஒன்றில் நிற்கும். லேசர் அச்சுப்பொறியை அதில் செருகக் கூடாது. அதன் சூடாக்கி ஏறத்தாழ 200 பாகை செல்சியஸுக்குப் போக ஒரே இழுப்பில் பல நூறு வோட்ஸ் எடுக்கும். யூபிஎஸ் கத்தி அணைந்துவிடும், பாதியில் நின்ற பில்லும் போகும்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள மட்டக்களப்பில் உப்புக்காற்று யூஎஸ்பி முனைகளையும் தொடர் வாய் ஊசிகளையும் பச்சை பிடிக்க வைக்கிறது. விட்டு விட்டு வேலை செய்யும் ஸ்கேனருக்கு முதலில் அதன் வயரையும் முனையையும் பாருங்கள். மார்கழி மழையில் திறந்து கிடந்த காகிதம் ஈரம் குடித்து வளையும், லேசரில் சிக்கும். பாவிக்கும் அளவை மட்டும் தட்டில் போட்டு மிச்சத்தை உறையிலேயே மூடி வைக்க வேண்டும். ஆலையில் உமித்தூசி கணினியின் விசிறியை அடைத்துவிடும். கணினியை அறைக்குள் வைத்து, தராசடிக்குத் திரையையும் மூடிய விசைப்பலகையையும் மட்டும் கொண்டுபோவது வழி. நெல் மூடை தூக்கி ரேகை தேய்ந்தவர்களுக்குக் கைரேகை வரவுமானி அடிக்கடி மறுக்கும். ஒவ்வொருவருக்கும் இரண்டு கையிலும் ஒவ்வொரு விரலைப் பதிந்து, காட் அல்லது இலக்க முறையையும் திறந்து வைக்க வேண்டும்.

பில்லில் மேலிருந்து கீழாக ஒரே இடத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் தெர்மல் தலையில் அழுக்கு. அணைத்து, ஆறவிட்டு, ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் ஒரே திசையில் துடைத்து, காய்ந்த பின் சுருளைப் போடுங்கள். துடைத்த பிறகும் கோடு அதே இடத்தில் இருந்தால் அந்தப் புள்ளி எரிந்துவிட்டது. தலையை மாற்றுவதுதான் வழி. அந்தக் கோடு பார்கோடை வெட்டாத இடத்தில் விழுந்தால், மாற்றும் வரை அந்த அச்சுப்பொறியை வெறும் பில்லுக்கு ஓட்டலாம்.